எந்தப் பக்கம் விழுந்துச்சு

அக்ரஹாரத்தில் மழை பிடித்துவிட்டால் ஆறுமுகசாமிக்குத் துணியைவிடக் கரியைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. இஸ்திரி வண்டிக்கு மேலே கட்டிய நீலத் தார்ப்பாய் நடுவில் தொந்தி போட்டுத் தண்ணீரைத் தேக்கிக்கொள்ளும். ராமக்காள் கீழேயிருந்து விளக்குமாற்றுக் கட்டையால் முட்டிவிடுவாள். தண்ணீர் தெருப்பக்கம் கொட்டும்போது போகிற ஸ்கூட்டர்காரன் எவனாவது கன்னடத்தில் வைதுவிட்டுப் போவான். எவ்வளவு மூடி வைத்தாலும் கரிமூட்டையில் ஈரம் ஏறிவிடும். ஈரக்கரி கனலாது, புகையும். அந்தப் புகையோடு மல்லுக்கட்டி, வெந்தயக்கலர் பட்டுப்புடவையில் ஒரு பொட்டுக் கரி விழாமல் தேய்த்துக் கொடுக்க வேண்டும்.

புருஷனும் பெண்டாட்டியும் ஹனூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டைத் தம்பிமார்களிடம் விட்டுவிட்டுக் கல்யாணமான புதிதில் மைசூருக்கு வந்தவர்கள். கோயில் மதிலை ஒட்டிப் புங்கமரத்தடியில் வண்டி. தெருவுக்குப் பின்னால் வரிசை வீட்டில் ஒற்றை அறை. வெகுநாள் குழந்தையில்லாமல் மாதேஸ்வரன் மலைக்கு நேர்ந்துகொண்டு பிறந்த மகளுக்கு மாதேவி என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் அவளுக்குப் பிடிக்காது. காலேஜில் எல்லாரும் 'மாது' என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பன் ஆத்தாளிடம் தமிழ், மற்றவர்களிடமெல்லாம் கன்னடம். கோபம் வந்தால் அப்பன் ஆத்தாளிடமும் கன்னடம்தான்.

அவள் த்ரோபால் ஆடுகிறவள். ஒருநாள் ஆட்டம் முடிந்து வந்து முழங்கால் வலிக்கிறது என்றாள். ராமக்காள் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். ஆறுமுகசாமி பழைய போர்வைத் துண்டை மடித்து இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றி முழங்காலில் ஒற்றடம் கொடுத்தான். இஸ்திரி போடுகிறவன் மகளுக்கு ஒற்றடத்துக்கா பஞ்சம். இப்படியே நாள் போயிற்று. வீக்கம் குறையவில்லை. நடை சாய்ந்தது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பைத் துளி எடுத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் கேசவமூர்த்தி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். தொடையெலும்பின் அடியில் புற்றுநோய்.

"எண்ணெய் தேச்சதால வந்துருச்சுங்களா?" என்றாள் ராமக்காள்.

"அதனால வரலைம்மா. ஆனா இனிமே யாரும் அதைத் தேய்க்காதீங்க" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை ஆறுமுகசாமி வரிசையாகச் சொல்ல மாட்டான். ஊசி மருந்து, வாந்தி, தலையணை முழுக்க முடி, வாய்ப்புண்ணில் கஞ்சி பட்டால் அலறல். பிறகு ஆபரேஷன். கெட்டுப்போன எலும்பை எடுத்துவிட்டு உலோகத்தில் மூட்டு செய்து வைத்துக் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். மறுபடியும் ஊசி மருந்து. எல்லாம் முடிந்து படம் எடுத்துப் பார்த்தபோது உடம்பில் எங்கும் ஒன்றுமில்லை என்றார்கள். அன்றைக்கு ராமக்காள் ஆஸ்பத்திரி வாசலிலேயே மேற்குப் பார்த்து நின்று கும்பிட்டாள். மலை எந்தத் திசை என்றுகூட அப்போது அவளுக்கு ஓடவில்லை.

அந்த வாரம்தான் ஸ்ரீவல்லி அவர்களைக் கூப்பிட்டாள்.

ஸ்ரீவல்லி அதே அக்ரஹாரத்துக்காரி. மேலுகோட்டையிலிருந்து நாலைந்து தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பம். அவளுடைய கைத்தறிப் புடவைகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்ப்பது ஆறுமுகசாமிதான். ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை என்று தெரியும். என்ன ஆராய்ச்சி என்று கேட்டதில்லை.

"உக்காருங்கோ. அவசரமில்லை, நன்னாக் கேட்டுக்கோங்கோ" என்றாள். "இந்த வியாதி திரும்பி வந்தா பெரும்பாலும் நுரையீரல்லதான் வரும். அதனால அப்பப்போ நெஞ்சைப் படம் எடுத்துப் பாக்கணும். மூணு மாசத்துக்கு ஒருதரம் ஸ்கேன் எடுக்கணுமா, ஆறு மாசத்துக்கு ஒருதரம் எக்ஸ்ரே எடுத்தாப் போறுமா, எதுல ஜனங்கள் நன்னா இருக்கான்னு யாருக்கும் சரியாத் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆராய்ச்சி."

"டாக்டருக்கும் தெரியாதுங்களா?"

"அவருக்கும் தெரியாது."

ஆறுமுகசாமிக்கு அது விசித்திரமாக இருந்தது. "அடிக்கடி பாத்தா நல்லதுதானுங்களே?"

"அப்படித்தான் தோணும். ஆனா அடிக்கடி ஸ்கேன் எடுத்தா அந்தக் கதிர் ஒடம்புல ஏறும். ஒண்ணுமில்லாத புள்ளியைப் பாத்து பயந்து நெஞ்சைக் கீறினதும் உண்டு. சீக்கிரமே கண்டுபிடிச்சும் காப்பாத்த முடியாமப் போனதும் உண்டு."

"எங்களுக்கு எதுன்னு நீங்க சொல்லுவீங்களா?" என்றாள் ராமக்காள்.

"நானும் சொல்ல முடியாது, டாக்டரும் சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கற மாதிரி ஒரு பக்கம் போடும். சேராட்டாலும் வைத்தியத்துல ஒரு கொறையும் வராது. எப்போ வேணும்னாலும் விலகிக்கலாம். ஆனா ஒண்ணு. எந்தப் பக்கம் விழுந்தாலும், நடுவில இருமல், மூச்சிறைப்பு, வலி எது வந்தாலும் அன்னிக்கே வந்துடணும். நாள் பாத்துண்டு இருக்கப்படாது."

மாதேவி அதுவரைக்கும் தொப்பியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். புல் முளைத்த மாதிரி அப்போதுதான் முடி வந்துகொண்டிருந்தது. "ரேண்டமா போடறதா? எங்க ஸ்டாடிஸ்டிக்ஸ் புஸ்தகத்துல இருக்குது" என்றாள். பாதியில் விட்ட பி.யூ.சி.யை மறுபடி தொடங்கியிருந்தாள். "நாம எடுத்தா நமக்குப் புடிச்சதை எடுப்போம். அதுக்காகத்தான் மெஷின்ல போடறது. சேர்ந்துக்கறேம்ப்பா."

ஆறு மாதத்துப் பக்கம் விழுந்தது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு மூன்று பேருக்கும் சந்தோஷம். ஆஸ்பத்திரி வாடையே ஆகாமல் போயிருந்தது அவளுக்கு. "அரை வருஷத்துக்கு இந்தப் பக்கமே எட்டிப் பாக்க வேண்டாம்" என்று கைக்கம்பைச் சுழற்றினாள். வழியில் மசால்தோசை சாப்பிட்டார்கள். ராமக்காள், "ஒங்கொப்பன் தோசையையும் தின்னு கண்ணு, அவருக்கு வேண்டாமாம்" என்றாள். ஆறுமுகசாமி வேண்டாம் என்று சொல்லவேயில்லை.

அடுத்து வந்தது நல்ல காலம். கொள்ளேகாலம் பஸ் பிடித்து மலைக்குப் போய் ஆறுமுகசாமி மொட்டை போட்டுக்கொண்டான். மாதேவி கம்பில்லாமல் நடக்கப் பழகினாள். கொஞ்சம் விந்தி நடப்பாள், அவ்வளவுதான். முதல் ஆறு மாதத்துப் படம் சுத்தமாக வந்தது. சாயங்காலம் வண்டிப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படிப்பாள். தேய்த்த துணிகளை வீடுவாரியாக அடுக்கி மூட்டை கட்டுவது அவள் வேலை. ராத்திரிக்கு ராகிக்களியும் கொள்ளுச்சாறும். களியை விழுங்கத் தெரியாமல் மெல்லுகிற மைசூர்க்காரி என்று ராமக்காள் கேலி செய்வாள்.

ஆனிமாதச் சாரல் தொடங்கியது. கரி நனைந்தது. மாதேவி இருமினாள்.

"அந்தப் பொகையில உக்காராதேன்னா கேக்கறயா?" என்றாள் ராமக்காள்.

"ஏனும் இல்லம்மா, சும்னிரு." ஒன்றுமில்லை, சும்மா இரு என்று கன்னடத்தில் அவள் வாயை அடைத்தாள்.

வறட்டு இருமல். சளியில்லை, காய்ச்சலில்லை. துளசியும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். ஆறுமுகசாமி அவளை வண்டிப் பக்கம் வரவிடவில்லை. அப்படியும் நிற்காமல் போகவே, வெகுநாளாக யோசித்துக்கொண்டிருந்த கேஸ் இஸ்திரிப் பெட்டியை வாங்கிவிட்டான். சிலிண்டரிலிருந்து குழாய் வரும். பழைய பித்தளைக் கரிப்பெட்டி அளவுக்குக் கனமில்லை. கைக்கு அடங்காமல் துள்ளும். முதல்நாளே ஒரு வேட்டியைத் தீய்த்தான். ஆனாலும் புகையில்லை. "இனி இருமல் போயிரும்" என்று மகளிடம் சொன்னான். ஒரு வாரம் குறைந்த மாதிரிகூட இருந்தது. ஸ்ரீவல்லியிடம் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று ராமக்காள் கேட்டபோது, "ஆடி கழிஞ்சா அவங்களே வரச் சொன்ன நாள்தானே, அப்பப் பாத்துக்கலாம்" என்றான்.

அந்த நாள் வந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கத்து நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். பிறகு எடுத்த ஸ்கேனில் இன்னும் நிறைய. ஆபரேஷன் செய்து எடுக்கிற நிலையில் இல்லை, வேறு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார் கேசவமூர்த்தி. பார்க்கலாம் என்று அவர் சொன்ன விதத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது ஆறுமுகசாமிக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் ராமக்காள், தேய்க்க வந்திருந்த ஸ்ரீவல்லியின் புடவை மூட்டையை அப்படியே எடுத்துப் போய் அவள் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள். கதவைத் தட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஸ்ரீவல்லியே வண்டிக்கு வந்தாள். குடை பிடித்திருந்தாள். மூட்டையைக் கொண்டுவரவில்லை. ஆறுமுகசாமி யாருடைய சட்டையையோ தேய்த்துக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

"மாதேவி எப்படி இருக்கா?" என்றாள்.

"நீங்கதான் படத்துல பாத்தீங்களே" என்றாள் ராமக்காள்.

ஸ்ரீவல்லி நின்றாள். தார்ப்பாயிலிருந்து ஒழுகிய தண்ணீர் அவள் குடைமேல் சொட்டியது. ஆறுமுகசாமி பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "ஒண்ணு கேக்கறனுங்க. சமாதானத்துக்குச் சொல்லாதீங்க. மூணு மாசத்துப் பக்கம் விழுந்திருந்தா முந்தியே தெரிஞ்சிருக்குமுங்களா?"

"தெரிஞ்சிருக்கலாம்."

"தெரிஞ்சிருந்தாப் பொழச்சிருக்குமா?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா என்னுங்க அர்த்தம்? இத்தனை படிச்சிருக்கறீங்க. ஆமான்னாச்சும் சொல்லுங்க, இல்லைன்னாச்சும் சொல்லுங்க."

"ஆமான்னு சொன்னா நீங்க ஆயுசுக்கும் வெந்துண்டே இருப்பேள். இல்லைன்னு சொன்னா கொஞ்சம் ஆறும். அதுக்காக இல்லைன்னு சொல்லலாம். ஆனா நிஜமா எனக்குத் தெரியாது, ஆறுமுகம். சில பேருக்கு சீக்கிரம் கண்டுபிடிச்சு எடுத்து நன்னா இருக்கா. சில பேருக்கு எடுத்தும் வந்துடறது. இவ எந்த மாதிரின்னு யாராலயும் சொல்ல முடியாது. அது தெரிஞ்சிருந்தா நாங்க இந்த ஆராய்ச்சியே பண்ண மாட்டோம்."

"உங்க வயித்துல பொறந்த புள்ளைன்னா சீட்டுக் குலுக்கியிருப்பீங்களா?" என்றாள் ராமக்காள். குரல் தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"எனக்கு தைரியம் இருந்திருக்குமான்னு தெரியலை, ராமக்காள்" என்றாள் ஸ்ரீவல்லி.

"அப்பறம் எந்தத் தைரியத்துல எங்களைக் கேட்டீங்க?"

ஆறுமுகசாமி வேறொன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். இருமல் வந்த அன்றைக்கே வரச் சொன்னேனே, ஏன் வரவில்லை என்று ஸ்ரீவல்லி கேட்பாள். கேட்டால் புகை, மழை, கேஸ் பெட்டி என்று சொல்ல எல்லாம் நாக்கில் தயாராக வைத்திருந்தான். கடைசிவரை அவள் அதைக் கேட்கவில்லை. குடையை மடக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நனைந்தபடியே போனாள். கேட்டுத் தொலைத்திருந்தால் திருப்பி நாலு வார்த்தை வைதிருக்கலாம் என்று இருந்தது அவனுக்கு. கேஸை மூடினான். அன்றைக்கு மேற்கொண்டு தேய்க்கவில்லை.

முடி கொட்டாத புது மருந்து இரண்டு சுற்று ஏறியது. உருண்டைகள் அதைச் சட்டை செய்யவில்லை. நிறுத்திவிட்டார்கள். ஆராய்ச்சியில் இருக்கிறவர்களை எந்த நிலையிலும் அவ்வப்போது கூப்பிட்டு எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பது வழக்கம். வலி எவ்வளவு, தூக்கம் வருகிறதா, மனசு எப்படி என்று கேள்விகள். அந்தப் போன் வந்தபோது ராமக்காள் பிடுங்கிக்கொண்டாள்.

"போதுமுங்க. எங்க புள்ளையை விட்டுருங்க. நாங்க வெலகிக்கறோம்."

"அம்மா, போனைக் குடு" என்றாள் மாதேவி. சுவரில் சாய்த்து, முதுகுக்கு மூன்று தலையணை வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டும்.

"எதுக்குடி? இன்னும் எதுக்கு உன்னை நோண்டறாங்க? உனக்கு என்ன பிரயோசனம்?"

"எனக்கு இல்ல."

"அப்பறம்?"

அவளுக்கு ஒரு வாக்கியம் முடிக்க இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. "அம்மா, கேளு. கெட்டதா ஆனவங்க எல்லாம் கோவிச்சுட்டு வெளிய போயிட்டா... நல்லா இருக்கறவங்க மட்டும்தான் எண்ணிக்கையில நிப்பாங்க. அப்ப ஆறு மாசமே போதும்னு வந்துரும். அது பொய்க் கணக்கு. நா இருக்கோணும். எனக்கு ஆனதையும் சேத்தித்தான் எண்ணோணும்."

"எண்ணி?"

"கொத்தில்லம்மா" என்றாள். தெரியாது என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

ராமக்காள் போனைக் கொடுத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். உள்ளே மகள் கன்னடத்தில் பதில் சொல்வது கேட்டது. தூக்கம் இல்லை. சாப்பாடு ருசிக்கவில்லை. ஸ்கூல் காலேஜ் போக முடிகிறதா என்று அடுத்த கேள்வி. "இல்லை என்று போட்டுக்கொள்ளுங்கள் மேடம்" என்றாள்.

மார்கழிக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், காற்றுக்காக. வலிக்கு மார்ஃபின் மாத்திரை. அதைப் போட்டால் கண் செருகும், மூச்சின் பரபரப்பு கொஞ்சம் அடங்கும். அவளுக்குப் பாதம் சில்லிட்டுப் போகும். ஆறுமுகசாமி பழைய துண்டை மடித்து, வண்டிக்குப் போய்ச் சூடேற்றிக்கொண்டு ஓடிவருவான். அறைக்குள் வருவதற்குள் பாதிச் சூடு போயிருக்கும். மறுபடி ஓடுவான். வேறு என்ன செய்வதென்று தெரியாத மனிதன் அதையே செய்துகொண்டிருந்தான்.

சங்கராந்திக்குத் தெருவில் சின்னப்பெண்கள் புதுப்பாவாடை கட்டிக்கொண்டு வீடுவீடாக எள்ளும் வெல்லமும் கொடுத்துப் போனார்கள். வரிசை வீட்டுக்கும் வந்தார்கள். மாதேவி ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டாள், விழுங்கவில்லை. அடுத்த வாரம் ஒரு முற்பகலில், ராமக்காள் தலைவாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது. முடி அப்போதுதான் பின்னுகிற நீளத்துக்கு வந்திருந்தது. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ணு, இந்தப் பக்கம் திரும்பு, இந்தப் பக்கம் திரும்பு சாமி" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆறுமுகசாமிதான் வந்து அவள் கையிலிருந்து சீப்பை வாங்கினான்.

ஸ்ரீவல்லி வந்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். யாரும் அவளை வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை. எடுக்கும்வரை இருந்துவிட்டுப் போனாள்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள். மிச்சமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, கொண்டுவந்து ஒப்படைத்துவிட வேண்டும் என்றார்கள். ஆறுமுகசாமி போனான். மருந்து அறையில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, நடைவழி பெஞ்சிலிருந்து ஓர் இளவட்டம் எழுந்து வந்தான்.

"அண்ணா, பேச்சைக் கேட்டா நம்ம ஹனூர்ப் பக்கம் மாதிரி இருக்குதுங்களே?"

"ஆமாங். நீங்க?"

"கொள்ளேகாலமுங்க. பேரு யுவன். நஞ்சன்கூட்டுல கம்பெனி வேலை. இது என்ற சம்சாரம் காவேரி." பெஞ்சில் ஒரு பெண், ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டு தக்காளிச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலிக்கயிறு இன்னும் மஞ்சள் மங்கவில்லை. தலையில் துணி கட்டியிருந்தாள். "ஆபரேஷன், ஊசியெல்லாம் முடிஞ்சுதுங்க. இப்ப ஒரு ஆராய்ச்சியில சேர்றீங்களான்னு கேக்கறாங்க. மூணு மாசமா ஆறு மாசமான்னு மெஷின்ல போடுமாம். ஒண்ணும் புரியல. உங்களுக்கு அதைப் பத்தித் தெரியுங்களாண்ணா?"

"தெரியும். எம்மவ அதுல இருக்குது."

இருக்குது என்று வாயில் வந்துவிட்டது. அவன் அதைத் திருத்தவில்லை.

"சேரலாமுங்களா?"

"ஸ்ரீவல்லியம்மா பொய் பேசாதுங்க. கேக்கறதையெல்லாம் அவங்ககிட்டயே கேட்டுக்குங்க. தெரிஞ்சா தெரியும்பாங்க, தெரியாட்டித் தெரியாதும்பாங்க." யுவன் பக்கம் ஓரடி நகர்ந்தான். "ஒண்ணே ஒண்ணு. நடுவுல இருமல் வந்தா நாள் பாக்காதீங்க. மழைன்னு நெனைக்காதீங்க, பொகைன்னு நெனைக்காதீங்க. அன்னிக்கே கூட்டிட்டு ஓடியாந்துருங்க. கேட்டீங்களா?"

"சரீங்ணா."

காவேரி சோற்றுக் கையோடு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க பொண்ணுக்கு எந்தப் பக்கம் விழுந்துச்சுங்?"

"ஆறு மாசம்."

"இப்ப நல்லா இருக்குதுங்களா?"

துணிக்கட்டுக்குக் கீழே, காதோரம், புல் மாதிரி முடி முளைத்திருந்தது. ஆறுமுகசாமி அதையே பார்த்தான்.

"இருக்குதுங். காலேஜுக்குப் போயிருக்குது."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. புருஷன் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா, நான்தான் சொன்னனே. ஆறு மாசமே போதுமுங்க. நமக்கும் ஆறு மாசமே விழோணும்னு மலை மாதப்பனுக்கு வேண்டிக்கலாம். அடிக்கடி இங்க வர வேண்டாம்."

"அம்மிணி, அப்புடி வேண்டிக்காதீங்க..." என்று ஆறுமுகசாமி ஆரம்பித்தான். அதற்குள் உள்ளேயிருந்து காவேரியின் பேரைக் கூப்பிட்டார்கள். யுவன் அவசரமாகத் தூக்குப்போசியை மூடி அவளைத் தோளோடு அணைத்து எழுப்பினான். அவள் கம்பை ஊன்றிக்கொண்டு, போய்வருகிறேன் என்கிற மாதிரி தலையசைத்தாள். இருவரும் உள்ளே போனார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அது திறக்கட்டும், வெளியே வந்ததும் சொல்லிவிடலாம் என்று ஆறுமுகசாமி நின்றான். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வேறு யாரோ வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் காவேரி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவன் சொல்லாமலே படியிறங்கி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.